பேரருவியில் பெண்கள் பக்கம்

அத்தியாயம் 14

மேலகரம் முக்கில் அன்று காலை ஒரு பிளக்ஸ் முளைத்திருந்தது. அதன் உயரத்தில் முக்கால்வாசியை ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாள் எடுத்துக்கொண்டிருந்தார். காக்கி உடுப்பு, கையில் லத்தி. பின்னணியில் குற்றாலம் பேரருவி. அது அவர் உச்சந்தலையிலிருந்து பிறந்து கொட்டுவதுபோல் படம் அமைந்திருந்தது. பிளக்ஸ் கடைக்காரர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று சொல்வதற்கில்லை. பெருமாளுக்குப் பிடித்திருந்தது.

மேலே கொட்டை எழுத்தில்: ‘தென்காசிச் சீமையின் வீடியோ கேம் - கதாநாயகன் அறிமுக விழா.’

கீழே வலது ஓரத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு பெண்ணின் படம். அது அவருடைய மகள் உமாராணி. அந்த விளையாட்டை உருவாக்கியவள் அவள்தான். அவளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பாதி வேலையைச் செய்த கடையநல்லூர் நூர்நிஷாவுக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை. ‘மற்றும் தோழி’ என்று இரண்டு சொல்லில் அவளை முடித்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அந்த விளையாட்டில் கதாநாயகனே கிடையாது.

இருப்பவள் ஒரு கதாநாயகி. பெயர் முப்பிடாதி. நைட்டி, தோளில் துண்டு, உச்சியில் இறுக்கி முடிந்த கொண்டை. சீசனுக்குப் பேரருவியில் குளிக்கப் போன சாதாரணப் பெண். மலையில் மழை பெய்து தண்ணீர் ஏறுகிறது. பெண்கள் பக்கத்தில் தாய்மாரும் பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள். அபாயச் சங்கு ஊதி ஓய்வதற்குள் அவர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவர வேண்டும். விளையாடுகிறவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தால் முப்பிடாதியாகத்தான் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், வழுக்கி விழ வேண்டும்.

பெங்களூர்க் கம்பெனிக்கு இது இறங்கவில்லை. விளையாட்டை உலகம் முழுக்க வெளியிடத் தயாராக இருந்தவர்கள், போன வாரம் போனில் நிபந்தனை போட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் ஓர் ஆண் வேண்டும். அவனை வைத்துப் பத்துக் கட்டம் ஜெயித்தால், பூட்டிக் கிடக்கும் பெண் ‘திறப்பாள்’.

“திறக்கதுக்கு அவ என்ன பீரோவா சார்?” என்று கேட்டுவிட்டு உமா போனை வைத்துவிட்டாள்.

கம்பெனிக்காரர் ஸ்ரீனிவாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. குற்றாலத்துக்கு நேரில் வருவதாகவும், வணிகர் மன்றத்தின் சீசன் விழாவில் ஜனங்கள் முன்னால் விளையாட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் செய்தி அனுப்பினார். முப்பிடாதி முன்னால் நிற்பாளா, பூட்டுக்குள் கிடப்பாளா என்பது இன்று மத்தியானம் தெரிந்துவிடும்.

பெருமாள் கண்ணாடி முன் நின்று மீசைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தபோது உமா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். யாரோ பிளக்ஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“எப்பா, இது என்ன?”

“பிளக்ஸ்.”

“கதாநாயகன் அறிமுக விழான்னு போட்டிருக்கு.”

“அப்படிப் போட்டாத்தான் கூட்டம் வரும். நைட்டி போட்ட பிள்ளை அறிமுக விழான்னா போட முடியும்?”

“நம்ம விளையாட்டுல கதாநாயகனே இல்லையேப்பா.”

“வருவான்” என்றார் பெருமாள், மீசையிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமல்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உமா மேலே கேட்டிருக்க வேண்டும். அதற்குள் மாடியிலிருந்து நூர்நிஷா, “ஏட்டி, புரொஜக்டர் ஒயரைக் காணும்” என்று கூப்பிட்டாள். உமா படியேறிவிட்டாள்.

“திங்கக்கிழமை இலத்தூர்க்காரவ உன்னையப் பொண்ணு பாக்க வாராவ. நெனப்பிருக்குல்லா?” என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார் பெருமாள். “இன்னைக்கு மேடையில ரொம்பப் பேசாத.”

மாடியில் மேஜை இழுபடுகிற சத்தம் கேட்டது.

பெருமாளின் தவறு விசிலில் தொடங்கியது. பேரருவியில் சீசன் பந்தோபஸ்துக்கு நின்ற காலத்து விசில் ஒன்று அவரிடம் இருக்கிறது. பித்தளை. வாரம் ஒரு முறை புளி போட்டுத் தேய்ப்பார். சித்திரையில் ஒருநாள் உமா அதைக் கேட்டாள்.

“விளையாட்டுக்குச் சத்தம் எடுக்கணும்ப்பா.”

கொடுத்துவிட்டு அவர் துப்பறியத் தொடங்கினார். விசில் இருக்கிறதென்றால் போலீஸ் இருக்கிறது. விசில் நம்முடையதென்றால் அந்தப் போலீஸ் நாம்தான். பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாள். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் அவர் கண்டுபிடித்த வழக்குகளில் பாதி இந்த முறையில்தான் முடிந்தன என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

கம்பெனி ஓர் ஆணைக் கேட்கிறது என்று தெரிந்ததும் தெய்வமே வழிவிட்டதாக நினைத்தார். மகன் பாண்டிராஜைத் தனியாக அழைத்தார். பாண்டி எஸ்.ஐ. தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பவன். படிப்பு அலுத்த நேரங்களில் தங்கைக்கு உதவி செய்து, பொம்மைகளை அசைக்கிற அளவுக்குத் தொழில் கற்றிருந்தான்.

“கம்பெனிக்காரன் எழுந்திரிச்சுப் போயிட்டாம்னா உன் தங்கச்சி ரெண்டு வருசம் பட்ட பாடு என்ன ஆவும்லே? ஆம்பிளையும் எங்ககிட்ட இருக்குன்னு காட்டிருவோம்.”

“அவ என்னையக் கொன்னுருவாப்பா.”

“இன்னைக்குக் கொல்லுவா. காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டபொறவு கும்பிடுவா.”

பாண்டி கூட்டத்தில் நிற்கிற ஆண் பொம்மைகளில் ஒன்றை எடுத்தான். அப்பாவின் தலையை அதன்மேல் ஒட்டினான். மேலே காக்கிச் சட்டை பூசினான். கீழே குளிக்க வந்தவனின் பட்டாபட்டி டவுசர் அப்படியே இருந்தது. அதை மாற்ற நேரம் போதவில்லை. தலையும் உடம்புக்குக் கொஞ்சம் பெரிசாக வந்துவிட்டது. அப்பாவிடம் காட்டினான். தலை அளவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அடுக்களையில் வள்ளித்தாய் பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். நூர்நிஷா உள்ளே வந்து காதோரமாகச் சொன்னாள்.

“ஏட்டம்மா, நீங்க முன்வரிசையில உக்காரணும்.”

“வாயை மூடுட்டி. அவ்வொ காதுல விழுந்துரப் போவுது.”

“விழட்டுமே மாமி. இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்கப் போறீய?”

“இன்னைக்கு ஒருநாள் போவட்டும்” என்றாள் வள்ளித்தாய். மூடியைத் திருகிய வேகத்தில் பிளாஸ்க் கீச்சென்றது.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு வள்ளித்தாயின் கதை தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பெண் போலீஸ் தேர்வில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் அவள். வேலைக்கு உத்தரவு வந்த மாதமே தாலியும் வந்தது. ‘ஒரு வீட்டுக்கு ஒரு காக்கி போதும்’ என்றார் அப்போது கான்ஸ்டபிளாக இருந்த மாப்பிள்ளை. அந்த ஒரு காக்கியைத்தான் அவள் அத்தனை வருஷமும் கஞ்சி போட்டுத் தேய்த்தாள்.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. விழா மண்டபம் பேரருவிக்குப் போகிற சாலையில் இருந்ததால், குளித்துவிட்டு வந்தவர்களும் குளிக்கப் போகிறவர்களும் ஒதுங்குவதற்காக உள்ளே வந்தார்கள். ஈரத்தலைகளும் எண்ணெய் மணமும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலங்களுமாக மண்டபம் நிரம்பியது. பிளக்ஸைப் பார்த்து வந்த கூட்டம் என்றே பெருமாள் கணக்கில் எழுதிக்கொண்டார்.

மன்றத் தலைவர் சிவசுப்பிரமணியன் மைக்கைப் பிடித்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். எதைத் திறந்துவைத்தாலும் ஒரே பேச்சுத்தான்.

“இந்தப் படம் நூறு நாள் ஓட வேண்டும்” என்று வாழ்த்தினார்.

“அண்ணாச்சி, படம் இல்ல. விளையாட்டு” என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

“விளையாட்டாகவே நூறு நாள் ஓட வேண்டும்.”

பிறகு பொன்னாடைகள். ஸ்ரீனிவாஸுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, தலைவருக்குத் துணைத்தலைவர் ஒன்று, துணைத்தலைவருக்குத் தலைவர் ஒன்று. உமாவும் நூர்நிஷாவும் மேடையேறியபோது பையில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இரண்டு பேருக்குமாக அதைப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

“நீ இழுக்காதட்டி, எனக்கு விழுது” என்றாள் நூர்நிஷா, சிரித்த முகம் கலையாமல்.

“உனக்குப் பேருதான் இல்ல. பாதித் துண்டாவது வச்சுக்க” என்றாள் உமா.

ஸ்ரீனிவாஸ் பேசினார். அவருடைய அப்பா காலத்திலேயே தென்காசியை விட்டுப் போன குடும்பம். ஊர்மேல் பாசம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அருவியில் தலையைக் காட்டுகிற அளவுக்கு.

“பெண் கதாபாத்திரங்களுக்கு நாங்க எதிரி இல்லை. ஆனா எங்க டேட்டா என்ன சொல்றதுன்னா, இந்த மாதிரி ஓடற, குதிக்கற கேம்ஸை விளையாடறது பெரும்பாலும் பசங்க. பொண்ணா விளையாட அவங்க விரும்பறதில்லை. பொண்ணுங்களும் கேக்கறதில்லை.”

நூர்நிஷா எழுந்தாள். “சார், கடையில ஒரே சைஸ் செருப்புதான் வச்சிருக்கீய. அது யாருக்குச் சேருதோ அவன் வாங்குதான். மத்தவன் யாரும் செருப்புக் கேக்கலைன்னு எழுதி வச்சுக்கிட்டு அதுக்கு டேட்டான்னு பேரு வைக்கீய.”

பெண்கள் பக்கத்து நாற்காலிகளிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஸ்ரீனிவாஸும் சிரித்தார். “பாத்துடுவோம்மா. அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

திரைக்குப் பக்கத்தில் பாண்டி ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்திருந்தான். அவனை அங்கே பார்த்ததும் உமாவுக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. முழுப் பரீட்சை விடுமுறையில் அண்ணன் அவளையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். இரண்டாவது ஜாய்ஸ்டிக் அவளுக்கு. திரையில் முன்னால் ஓடுகிறவன் அண்ணன், பின்னால் ஓடுகிறவன் தான் என்று நம்பி அந்த விடுமுறை பூராவும் விரல் நோகப் பொத்தானை அமுக்கினாள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பெருக்கும்போதுதான் பார்த்தாள். அவளுடைய ஒயர் எதிலும் சொருகியிருக்கவில்லை.

அழவில்லை. சொருகினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. முப்பிடாதி அன்றைக்கே பிறந்துவிட்டாள் என்று சொல்லலாம்.

“ஆரம்பிக்கலாமா?” என்றாள் உமா. பாண்டி அவளைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கினான்.

திரையில் பேரருவி கொட்டியது. கூட்டம் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காக்கிச் சட்டையும் பட்டாபட்டி டவுசரும் பெரிய தலையுமாக, மீசையை முறுக்கியபடி சிவனணைந்தபெருமாள் வந்து நின்றார்.

மண்டபம் ஒரு கணம் யோசித்தது. பிறகு, “ஏ, நம்ம இன்ஸ்பெக்டருலா” என்று யாரோ சொன்னார்கள். மேடையில் இருந்த அசல் பெருமாள் எழுந்து நான்கு திசைக்கும் கும்பிட்டார்.

உமாவின் முகம் வெளுத்தது. “என்னலே பண்ணி வச்சிருக்க?” என்றாள் அண்ணனிடம், உதடு அசையாமல்.

“அப்பாதான் சொன்னாரு.”

“சரியாத்தான் இருக்கு” என்று ஸ்ரீனிவாஸ் பக்கத்து நாற்காலியிடம் சொன்னார். “ஆணும் இருக்கு. முதல்ல இதை வச்சுண்டு, அந்தப் பொண்ணைப் பின்னால...”

உமாவின் இரண்டு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தில் பீரோவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் மடிக்கணினியை நோக்கி ஓரடி வைத்தாள். நூர்நிஷா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இரு. கம்பிக்குப் பக்கத்துல போறாரு பாரு.”

“அதனால?”

“பாரேன்.”

பேரருவியில் குளித்தவர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. நடுவில் தடுப்பு. விளையாட்டில் காப்பாற்ற வேண்டியவர்கள் எல்லாரும் பெண்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். திரைப் பெருமாள் சங்குச் சத்தம் கேட்டு, நெஞ்சை நிமிர்த்தி, தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதித்தார்.

விசில் பறந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஏட்டு, லத்தியோடு, வேகநடையில் வந்தாள். தலைக்குமேல் எழுத்து மின்னியது: ‘பொம்பளையாளுக குளிக்கிற இடத்துல உனக்கு என்ன சோலி?’ பட்டாபட்டியில் பொட்டென்று ஒன்று வைத்தாள். திரைப் பெருமாள் மறுபடியும் ஆண்கள் பக்கத்தில் வந்து விழுந்தார்.

மண்டபம் குலுங்கியது.

பாண்டி பதறி இடப்பக்கமாக ஓட்டினான். விசில். பொட். பாறைமேல் ஏறி மேலேயிருந்து குதிக்கவைத்தான். ஏட்டு பெருமாளின் காதைப் பிடித்துத் திருகி, கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு வந்து கம்பிக்கு வெளியே தள்ளினாள். தலை பெரிசாக இருந்ததால் காதும் பிடிக்க வசதியாக இருந்தது.

“இன்னொண்ணு போடு ஏட்டம்மா” என்று ஈரத்தலையோடு ஒரு பெண் குரல் கொடுத்தாள். வாசலில் பந்தோபஸ்துக்கு நின்றிருந்த அசல் பெண் போலீஸ்காரர்கள் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

“நாந்தான் எழுதுனேன்” என்று நூர்நிஷா உமாவிடம் கிசுகிசுத்தாள். “கூட்டத்துல எந்த ஆம்பிளை கம்பியைத் தாண்டினாலும் ஏட்டம்மா வந்துரும். உங்க அண்ணன் கூட்டத்து ஆளு உடம்பையில்லா எடுத்திருக்கான். தலை இன்ஸ்பெக்டர்னு ஏட்டம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

சிரிப்பு அடங்கிய இடத்தில் எல்லார் கண்களும் மேடைக்குத் திரும்பின. பெருமாள் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். சாயம் அடித்த மீசைக்கு மேலே முகம் கறுத்திருந்தது. முன்வரிசையில் வள்ளித்தாய் பிளாஸ்க்கை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்தார். கோபித்துக்கொண்டு போகப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. இப்பம் நீங்க பார்த்தது தற்செயலா நடந்தது இல்ல. நாங்களாத் திட்டம் போட்டுச் செஞ்சது.”

பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்ஸ்பெக்டரே ஆனாலும் அந்தக் கம்பியைத் தாண்டக் கூடாது. அதை விளக்குறதுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுது. யாரும் வரலை. நான் முன்வந்தேன்.”

கைதட்டல் எழுந்தது. தலைவர் சிவசுப்பிரமணியன் மிக அதிகமாகத் தட்டினார். திட்டம் தனக்கும் தெரியும் என்பதுபோல.

பெருமாள் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மானம் மீண்டுவிட்டது. ஆனால் மைக்கை விடவில்லை. திரையில் கம்பிக்கு வெளியே மல்லாந்து கிடந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேடைப் பேச்சு கழன்று, வீட்டுப் பேச்சு வந்தது.

“சீசனுக்குச் சீசன் அங்கன டியூட்டி பாத்திருக்கேன். இந்தப் பக்கத்துல ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் மவளுக்குத் தெரியும். நூர்நிஷாவுக்குத் தெரியும். அவங்க செஞ்ச பிள்ளையை வரச் சொல்லுங்க.”

‘மற்றும் தோழி’க்கு அன்றுதான் மேடையில் பெயர் கிடைத்தது.

பாண்டி எழுந்து ஜாய்ஸ்டிக்கைத் தங்கையிடம் நீட்டினான்.

“ஒயரைப் பாத்துக்க. சொருகித்தான் இருக்கு” என்றான்.

உமா அவனைப் பார்த்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. காலை மிதித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

திரை மாறியது. சாரலுக்குள் முப்பிடாதி நடந்து வந்தாள். துண்டை உதறி இடுப்பில் கட்டினாள். நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் சொருகினாள். உலகத்தில் எத்தனையோ விளையாட்டுகளில் பெண்கள் இரும்புக் கவசத்தை அரைகுறையாகப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். நைட்டியைச் சொருகிக்கொண்டு போகிறவளைக் குற்றாலம் அன்றுதான் திரையில் பார்த்தது. பெண்கள் பக்கத்து நாற்காலிகளில் ஒரு சத்தம் எழுந்தது. அது கைதட்டல் இல்லை. தெருவில் எதிர்பாராமல் தெரிந்தவரைப் பார்த்தால் வருமே, அந்தச் சத்தம்.

உமா விளையாடவில்லை. ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுபோய், ‘இன்னொண்ணு போடு’ என்று சொன்ன பெண்ணின் கையில் வைத்தாள்.

“ஐயோ, எனக்குத் தெரியாதும்மா.”

“அருவியில குளிச்சிருக்கீயல்லா?”

“இப்பத்தான் குளிச்சிட்டு வாரேன்.”

“அப்பம் தெரியும்.”

அந்தப் பெண் முப்பிடாதியை இரண்டு முறை வழுக்கி விழவைத்தாள். மூன்றாவது முறை மண்டபமே விளையாடத் தொடங்கியது.

“அந்தப் பாறையில கால் வைக்காத, பாசி.”

“சுவத்தை ஒட்டிப் போ மதினி. அங்கனதான் தண்ணி வேகம் கம்மி.”

“ஏட்டி, பிள்ளை நிக்கி பாரு, கம்பிக்கு அங்கிட்டு. முதல்ல பிள்ளையைத் தூக்கு.”

எல்லாருக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது. எங்கே காலூன்றலாம், எந்தக் கம்பியைப் பிடிக்கலாம், எங்கே நின்றால் மூச்சு முட்டும் என்று உடம்பால் அறிந்தவர்கள். அதுவரை எந்த விளையாட்டும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை. ஆண்கள் பக்கத்து நாற்காலிகள் வாய்மூடி இருந்தன. அவர்கள் பார்க்காத ஊரை உள்ளூர்க்காரர்கள் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் குழந்தை கரையேறியபோது அந்தப் பெண் ஜாய்ஸ்டிக்கைத் தலைக்கு மேலே தூக்கினாள். பின்னால் ஒரு வரிசை உருவாகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள், அம்மாக்கள், போலீஸ் உடுப்பிலேயே ஒருத்தி.

வரிசையின் கடைசியில் பொன்னாடையோடு ஸ்ரீனிவாஸ் நின்றார்.

அவர் முறை வந்தபோது எடுத்த எடுப்பிலேயே பாசியில் கால் வைத்தார்.

“சார், சொன்னோம்லா” என்று மண்டபம் அதட்டியது. அவர் சட்டையின் கையை மடித்துக்கொண்டார். சுவரை ஒட்டிப் போனார். கம்பியைப் பிடித்தார். சங்கு ஓயப்போகிற நேரத்தில் ஒரு சிறுமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முப்பிடாதி வெளியே பாய்ந்தபோது, “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று கத்தினார். வந்துட்டாள் என்று சொல்லவில்லை. நூர்நிஷா அதைக் குறித்துக்கொண்டாள்.

“டேட்டா என்ன சொல்லுது சார்?” என்று கேட்டாள்.

“டேட்டாவை விடும்மா” என்றார் ஸ்ரீனிவாஸ், மூச்சு வாங்க. “முப்பிடாதிதான் முதல்ல. பூட்டு வேண்டாம். நான் எழுதியே தரேன்.”

உமா நூர்நிஷாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்குமாகக் கிடைத்து நூர்நிஷாவின் தோளில் கிடந்த பொன்னாடை கீழே விழுந்தது. எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மண்டபத்து வராந்தாவில் வள்ளித்தாய் எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள். வெளியே சாரலில் சிப்ஸ் கடைகளும் ஆட்டோக்களும் குளித்து வருகிற கூட்டமுமாக இருந்தது.

“இன்னொரு யோசனை” என்றார் ஸ்ரீனிவாஸ். “அந்த ஏட்டம்மாவை ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவங்களையும் விளையாடற கதாபாத்திரமாப் பண்ணுவோம். முப்பிடாதி, ஏட்டம்மா, யாரை வேணா எடுத்துக்கலாம். ஆனா ஏட்டம்மா பேசணும். விசில் அடிச்சவங்களே குரல் குடுத்தா நன்னா இருக்கும். யார் அது?”

“விசில் என்னுது” என்றார் பெருமாள். காப்பி உள்ளே போனதும் நெஞ்சு பழைய அளவுக்கு வந்திருந்தது.

“ஊதினது யார் சார்?”

உமா அம்மாவைப் பார்த்தாள். நூர்நிஷாவும் பார்த்தாள். பாண்டி எல்லாரும் பார்க்கிற பக்கம் பார்த்தான்.

“நாந்தான்” என்றாள் வள்ளித்தாய்.

“நீயா? எப்பம்?”

“நீங்க வாக்கிங் போயிருந்தப்பம். மொட்டை மாடியில.”

“விசில் ஊதுறதுன்னா சும்மாவா வள்ளி? மூச்சை வயித்துலேருந்து எடுக்கணும். அதுக்குன்னு டிரெயினிங் இருக்கு...”

வள்ளித்தாய் தம்ளரைக் கீழே வைத்தாள். கைப்பையைத் திறந்து பித்தளை விசிலை எடுத்தாள். முந்தானையில் ஒரு துடைப்பு. ஊதினாள்.

சாலையில் ஆட்டோ ஒன்று பிரேக் போட்டது. செல்பி எடுத்துக்கொண்டிருந்த பையன்கள் போனை இறக்கினார்கள். சிப்ஸ் அள்ளிக்கொண்டிருந்தவர் அகப்பையோடு நின்றார். வாசலில் இருந்த பெண் போலீஸ்காரர்கள் நிமிர்ந்து திரும்பினார்கள்.

பெருமாளின் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. முதுகு நேரானது. கை பாதி வழி ஏறி, பொன்னாடையில் மாட்டி நின்றது.

“எம்மா” என்றாள் உமா மெதுவாக. அவள் முகத்தில் அன்று மேடையில் இல்லாத பெருமை இருந்தது.

“திங்கட்கிழமை பெங்களூர் வர முடியுமா அம்மா?” என்றார் ஸ்ரீனிவாஸ். “ஸ்டூடியோ அன்னைக்குத்தான் கிடைக்கும். உமாவும் நூர்நிஷாவும் கையெழுத்துப் போட வரணும்.”

“வாரோம்” என்றாள் வள்ளித்தாய், யாரையும் கேட்காமல்.

பெருமாள் விறைப்பிலிருந்து இறங்கினார். “திங்கக்கிழமை இலத்தூர்க்காரவ வாராவ.”

“வரட்டும். நீங்க இருக்கீய, பாண்டி இருக்கான். காப்பி போட்டுக் குடுங்க.”

“பொண்ணு பாக்கல்லா வாராவ. பொண்ணு இல்லாம?”

“முக்குல பிளக்ஸ் இருக்குல்லா. அதுல அவ படம் இருக்கு. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.” விசிலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “கொஞ்சம் கிட்டப் போயிப் பாக்கச் சொல்லுங்க. தூரத்துலேருந்து பாத்தா நீங்கதான் தெரிவீய.”

பெருமாள் பொன்னாடையிலிருந்து கையை விடுவித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. இலத்தூர்.

பாண்டி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டாபட்டிப் பெருமாளைக் காதைப் பிடித்து இழுத்துப்போகிற காட்சியை மண்டபத்தில் யாரோ எடுத்து ஊர் பூராவும் அனுப்பியிருந்தார்கள்.

“எப்பா, எடுக்காதீய” என்றான்.

“எடுங்க” என்றாள் வள்ளித்தாய்.